கைமாறிய எண்கள்

காவெயிங்கா ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கிய அன்று அவனை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரப் போனது நான்தான். அங்கே லோகன் நகரில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன். உடம்பு நன்றாகப் பெருத்திருந்தது. சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. வேனில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டான்.

"லிசி அண்ணே, இன்னும் இதே ஓட்டை வண்டிதானா? மாமா உங்களுக்குக் கிழங்காத்தான் சம்பளம் தர்றாரா?"

"கிழங்கு வந்தாலும் பரவாயில்லையே. பாதி மாசம் வெறும் பேச்சுதான்."

அவன் வேன் அதிரச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவனைச் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடிக்கும்.

அவனுடைய மாமா பெனிசிமானி என் முதலாளி. எங்கள் தீவின் துறைமுக ஊரான நெயாஃபுவில் லூப்பே நெட் என்ற சின்ன நிறுவனத்தை நடத்திவந்தார். எங்கள் ஊரிலும் சுற்றியிருந்த தீவுகளிலும் தொள்ளாயிரம் வீடுகளுக்கு இணையம் எங்களிடமிருந்துதான் போயிற்று. பள்ளிக்கூடம், இரண்டு விடுதிகள், மலைச்சரிவில் இருந்த பிரசவ நிலையம் எல்லாம் எங்கள் வாடிக்கையாளர்கள். பத்தொன்பது வருஷமாகக் கோபுரம் ஏறுவதும், கம்பி இழுப்பதும், கருவிகளைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

லூப்பே நெட்டிடம் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எண்கள் இருந்தன. இணையத்தில் ஒருவர் இன்னொருவரைத் தேடி வர வேண்டுமென்றால் கதவு எண் வேண்டும். பெனி அண்ணன் தொழில் தொடங்கிய காலத்தில் இந்த எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும், பிரிஸ்பேனில் இருந்த பதிவகத்துக்கு எழுதிப் போட்டார். நாலாயிரத்துச் சொச்சம் எண்களை எங்கள் பேரில் எழுதிக் கொடுத்தார்கள். அப்போது உலகத்தில் அதற்குப் பஞ்சமில்லை. பிறகு எண்கள் தீர்ந்து போயின. புதுவகை எண்கள் ஏராளமாக வந்தன. ஆனால் பழைய வகையை மட்டுமே புரிந்துகொள்ளும் கதவுகள் உலகம் முழுக்க இருந்ததால் பழையதன் மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. வைத்திருப்பவர் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், பதிவகம் இருதரப்பையும் விசாரித்துப் பேரை மாற்றி எழுதும் என்று விதி வந்தது. இடையில் தரகர்கள் வந்தார்கள். காவெயிங்கா அப்படி ஒரு தரகரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அது வேன் மலையேறும்வரை எனக்குத் தெரியாது.

"மாமாகிட்ட எவ்வளவு இருக்குன்னு எனக்கே போன மாசம்தான் தெரிஞ்சுது அண்ணே. பட்டியலைப் பார்க்கறேன், லூப்பே நெட்னு இருக்கு. நாற்காலியிலிருந்து விழாத குறை. ஒரு தங்கச் சுரங்கத்து மேல உக்காந்து கிழங்கு தின்னுக்கிட்டிருக்கீங்க ரெண்டு பேரும்."

"அது சுரங்கமில்லடா. ஊர் பூரா அதுலதான் ஓடுது."

"ஓடட்டும். யாரு நிறுத்தச் சொன்னா?"

மறுநாள் மதியம் அவனுடைய அம்மா கலொலைனே வீட்டில் விருந்து. மண்ணடுப்பில் வெந்த பன்றி, தேங்காய்ப்பாலில் இலை மடித்து வேகவைத்த இறைச்சி. பெனி அண்ணன் எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு வந்து வாசலருகே உட்கார்ந்தார். கலொலைனே அக்கா அவருக்கு மூத்தவள். எங்களில் சகோதரிக்கு முன்னால் சகோதரன் உரக்கப் பேச மாட்டான், கேலி பேச மாட்டான், அவள் உட்கார்ந்திருக்கும் பாயில் உட்கார மாட்டான். அவளுடைய பிள்ளைக்கு அதைவிட உரிமை. அவன் ஃபாஹு. தாய்மாமன் வீட்டில் எதைக் காட்டி இது வேண்டும் என்றாலும் மாமன் இல்லை என்று சொல்ல முடியாது. பன்றியோ பாயோ படகோ, எடுத்துக்கொண்டு போகலாம். போனதற்காக யாரும் முகம் சுளிக்கவும் கூடாது.

சாப்பாடு முடிந்ததும் காவெயிங்கா கேட்டான். சிரிக்காமல், மரியாதையாகத்தான் கேட்டான்.

"மாமா, எனக்கு ஒண்ணு வேணும். அந்த எண்கள் வேணும். முழுசா."

கலொலைனே அக்கா விசிறியை நிறுத்தினாள். "எண்ணா? எண்ணை எப்படிடா எடுத்துக்கிட்டுப் போவே? பையில போட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெனி அண்ணன் மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"அது இல்லாம கம்பெனி எப்படிப்பா ஓடும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு லைன் குடுக்கற கேபிள்காரங்க பதினாறு எண் குடுப்பாங்க மாமா. அதையே எல்லா வீடும் பங்கு போட்டுக்கும். இப்போ உலகத்துல பெரிய பெரிய கம்பெனியெல்லாம் அப்படித்தான் ஓட்டறான். வீட்டுல உக்காந்து படம் பார்க்கறவனுக்கு வித்தியாசமே தெரியாது. லிசி அண்ணனைக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"படம் பார்க்கறவனுக்குத் தெரியாது" என்றேன். "ஆனா சில இடத்துல நம்ம எண்ணைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கறாங்க. அதையெல்லாம் ஒவ்வொண்ணா மாத்தணும்."

"மாத்தலாம்ல?"

"மாத்தலாம். நாளாகும்."

"நாள் எடுத்துக்குங்க அண்ணே" என்றான். பிறகு மாமாவைப் பார்த்து, குரல் தாழ்ந்து, "அங்க வேலை ஒண்ணும் நிலைக்கல மாமா. மூணு பசங்க. இந்த ஒரு வியாபாரத்தை நான் முடிச்சுக் குடுத்தா அந்தத் தரகன் என்னை நிரந்தரமா வெச்சுக்குவான். வேற யார்கிட்டப் போய்க் கேப்பேன்?" என்றான்.

பெனி அண்ணன் ஒருமுறை தலையை ஆட்டினார். அவ்வளவுதான். இருபது வருஷம் அவர் சேர்த்துக் காத்ததெல்லாம் அந்தத் தலையாட்டலில் கைமாறியது. கலொலைனே அக்காவுக்கு என்ன நடந்ததென்று சரியாகப் புரியவில்லை. மகன் கேட்டான், தம்பி கொடுத்தான், நிறைவாக விசிறியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து நான் பட்டியல் எழுதினேன். எங்கள் எண்களை நம்பிக் கதவு திறக்கும் இடங்கள் முப்பத்தொன்று. பள்ளிக்கூடத் தேர்வு வாரியம், விடுதிகளின் அறைப் பதிவு, தலைநகரில் சுங்க அலுவலகம், இப்படி. ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுதி, புது எண்ணைச் சொல்லி, சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். மூன்று வாரத்தில் முப்பது இடத்திலிருந்து ஆயிற்று என்று பதில் வந்துவிட்டது.

வராதது ஒன்றே ஒன்று. பிரசவ நிலையத்திலிருந்து ஆக்லாந்தில் ஒரு மருத்துவமனைக்குப் போகும் இணைப்பு. கர்ப்பிணியின் வயிற்றில் பட்டை கட்டினால் குழந்தையின் இதயத்துடிப்பு கோடாக ஓடும். அந்தக் கோடு அப்படியே அங்கே ஒரு நிபுணரின் திரையில் தெரியும். பார்த்துவிட்டு அவர் சொல்வார்: காத்திருங்கள், அல்லது உடனே அறுத்து எடுங்கள். நோயாளிகளின் விவரம் என்பதால் அந்த மருத்துவமனை எங்கள் எண்களுக்கு மட்டும்தான் கதவைத் திறந்து வைத்திருந்தது. மாற்றுவதற்கு மனு கொடுத்தேன். பரிசீலிக்கப் பத்து வேலைநாள் ஆகும் என்று பதில் வந்தது. என் மனு போனதே தாமதமாகத்தான்; படிவம் தப்பென்று ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

காவெயிங்காவிடம் சொன்னேன்.

"ஒரு பத்துப் பதினஞ்சு நாள் நிறுத்தி வையேன்டா. இல்ல, ஒரு இருநூத்தம்பது எண்ணை மட்டும் கடைசியா மாத்து."

"வாங்கறவன் பிச்சுக் குடுத்தா வேணாங்கறான் அண்ணே. முழுத் துண்டா வேணுமாம். மாசக் கடைசிக்குள்ள இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேங்கறான். வாங்கறவனுக்கு அவசரம், எனக்கு நெஞ்செரிச்சல்." அவன் என் தோளில் கை வைத்தான். "ஒரு இணைப்புதானே? ஒரு வாரம் போன்ல பேசிக்க மாட்டாங்களா?"

புதன்கிழமை பதிவகத்திலிருந்து தொலைபேசி வந்தது. ப்ரோன்வின் என்ற பெண். மாற்றல் மனுக்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. பெனி அண்ணன், காவெயிங்கா, கலொலைனே அக்கா மூவரும் அலுவலகத்தில் இருந்தார்கள். அக்கா மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். ஒலிபெருக்கியைப் போட்டார்கள். ப்ரோன்வின் பெனி அண்ணனிடம் பேரைக் கேட்டாள், பதவியைக் கேட்டாள், கையெழுத்து அவருடையதுதானா என்று கேட்டாள், யாராவது வற்புறுத்துகிறார்களா என்றும் கேட்டாள். "இல்லை" என்றார். உண்மைதான். வற்புறுத்தல் என்று அதற்கு எங்கள் மொழியில் பேரில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டாள். தொழில்நுட்பப் பொறுப்பில் என் முழுப்பேர்தான் பதிவாகியிருந்தது.

"லிசியாத்தே, இது எங்க விதியில கேட்க வேண்டிய கேள்வி இல்ல. ஆனாலும் நான் எப்பவும் கேக்கறது. இந்த எண்களை நம்பி ஓடற எல்லாத்தையும் வேற எண்ணுக்கு மாத்தியாச்சா? பேரை மாத்தி எழுதிட்டா திரும்ப வாங்கறது ரொம்பக் கஷ்டம். நாள் வேணும்னா சொல்லுங்க, நான் நிறுத்தி வைக்கறேன்."

அறையில் மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவெயிங்காவின் கை கன்னத்தில் இருந்தது. அவன் அம்மாவுக்கு முன்னால் அவன் கேட்டதை நான் தடுப்பது, என் முதலாளி கொடுத்ததை நான் பிடித்து வைப்பது. அதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஆக்லாந்திலிருந்து வெள்ளிக்கிழமைக்குள் பதில் வந்துவிடும் என்றும் நினைத்துக்கொண்டேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை.

"மாத்தியாச்சு" என்றேன்.

"எல்லாமே?"

"எல்லாமே."

வியாழக்கிழமை காவெயிங்கா விமானம் ஏறினான். வெள்ளிக்கிழமை மாலை பதிவகத்தின் ஏட்டில் பேர் மாறியது. நான் பழைய எண்களை அவிழ்த்துவிட்டுப் பதினாறு எண்களில் ஊர் முழுவதையும் கட்டினேன். படம் பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிரசவ நிலையத்துக்குப் போய்ச் செவிலி எலெனோவாவிடம், "அடுத்த வாரம் வரைக்கும் ஆக்லாந்து இணைப்பு கொஞ்சம் தகராறு பண்ணும்" என்று சொன்னேன். வராது என்று சொல்லவில்லை. தகராறு பண்ணும் என்றேன். அவள் இரண்டு வருஷமாக அந்த இணைப்பு அறுந்து அறுந்து மறுபடி வருவதைப் பார்த்திருந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"லிசி, லைன் வரல. அரை மணி நேரமா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. எப்போ வரும்?"

"யாரு உள்ள?"

"வாசிதி. கோடு எனக்குப் பிடிக்கல. இறங்குது, அப்புறம் ஏறுது. இது சாதாரணமா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல. டாக்டர் வேற காலையில ஹுங்கா தீவுக்குப் படகுல போயிட்டார், அங்க ஒரு கிழவருக்கு மூச்சுத் திணறல். அந்தப் பக்கம் போனும் எடுக்காது."

வாசிதி எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆசிரியை. மீன்பிடிப் படகு வைத்திருக்கும் மோவாலாவின் மனைவி. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டான குழந்தை.

"எலெனோவா, லைன் வராது. டாக்டருக்கு ஆள் அனுப்பு" என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "இரு, பார்க்கறேன்."

அலுவலகத்துக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் வேலை செய்வது சட்டப்படியே தப்பு. கடை இல்லை, விமானம் இல்லை, தெருவில் நாய்கூட மெதுவாகத்தான் போகும். நான் கதவைத் திறந்தபோது பெரிய தேவாலயத்தில் முதல் பாட்டு தொடங்கிவிட்டது.

எனக்கு ஒரே வழி தெரிந்தது. பழைய எண்களில் ஒரு துண்டை எடுத்து, அது இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது என்று இணையத்துக்கு அறிவிப்பது. வெள்ளிக்கிழமைவரை என்னுடையதாக இருந்ததை ஞாயிற்றுக்கிழமை நான் திருடினேன். தட்டச்சு செய்து முடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எங்களுக்கு மேலே இருந்த கேபிள் நிறுவனத்தின் கருவி, பதிவகத்தின் ஏட்டைப் பார்த்து, இது உன் எண் இல்லை என்று தள்ளிவிட்டது.

ஐந்து நிமிஷத்தில் தலைநகரிலிருந்து உஹிலா கூப்பிட்டான். கேபிள் நிறுவனத்தில் அன்று முறையில் இருந்தவன். நானும் அவனும் ஒரே பயிற்சிக்குப் போனவர்கள்.

"லிசி, என்னடா பண்றே? பைத்தியமா? அது உன்னுது இல்ல இப்போ."

"தெரியும். ஒரு மணி நேரம் திறந்து விடு. இங்க ஒரு பிரசவம்."

"திறந்தா என் வேலை போயிரும்."

"உஹிலா, வாசிதிடா. மோவாலா பொண்டாட்டி."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "கையால திறந்திருக்கேன். பாரு."

திறந்தான். எலெனோவாவைக் கூப்பிட்டேன். வட்டம் இன்னும் சுற்றியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்திலிருந்து கோடு கிளம்பிப் போயிற்று, ஆக்லாந்தின் கதவையும் தட்டியது. ஆனால் அங்கிருந்து பதில் வர வேண்டுமே. எங்கள் எண்ணை வாங்கியவன் எங்கோ ஒரு கண்டத்தில் அதே எண்ணை முறைப்படி அறிவித்துக்கொண்டிருந்தான். உலகம் அவனைத்தான் நம்பியது. நாங்கள் போட்ட கடிதத்துக்குப் பதில், முன்பின் தெரியாத ஒருவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மணி ஒன்பது ஐம்பது.

"எலெனோவா, வராது. இன்னிக்கு வராது. படகு அனுப்பு."

"இப்போ சொல்றியே" என்றாள். திட்டக்கூட அவளுக்கு நேரமில்லை.

அவள் கோட்டைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பப் பார்த்தாள். ஆக்லாந்தில் அன்று திரைமுன் இருந்த நிபுணரின் சொந்த எண் யாரிடமும் இல்லை. மருத்துவமனையின் பொதுத் தொலைபேசியில் இருபது நிமிஷம் காத்திருந்தாள். மோவாலாவே தன் படகை எடுத்துக்கொண்டு டாக்டரை அழைக்கப் போனான். காற்று எதிரில் இருந்தது. டாக்டர் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டரை. வாசிதியைப் பிழைக்க வைத்துவிட்டார். பெண் குழந்தை, மூச்சில்லாமல் பிறந்தது.

டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார்: "லைன் இருந்திருந்தாலும் பிழைச்சிருக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. கொடி சுத்தியிருந்துது. ஆனா எட்டே முக்காலுக்கே என்னைக் கூப்பிட்டிருப்பாங்க." அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு நடந்த கதை தெரியாது. லைன் தகராறு என்றுதான் ஊரெல்லாம் நினைத்திருந்தது. எங்கள் ஊரில் லைன் தகராறு மழை மாதிரி. அதற்கு யாரும் பொறுப்பில்லை.

அடக்கத்தன்று நான் பின்கட்டில் சமையல் செய்கிறவர்களோடு, துக்கத்துக்குக் கட்டும் கிழிந்த பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, புகையில் நின்றேன். மோவாலா ஒருமுறை வெளியே வந்து என் தட்டில் கிழங்கு வைத்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை நான் அலுவலகத்துக்கு ஓடியதை யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். "நீ முயற்சி பண்ணினியாமே, லிசி" என்றான். அந்தக் கிழங்கைத் தட்டோடு அடுப்போரம் வைத்துவிட்டேன்.

அடுத்த வாரமே பெனி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஆக்லாந்து பாக்கி இருந்ததையும், ப்ரோன்வின் நிறுத்தி வைக்கிறேன் என்றதையும், நான் சொன்ன பொய்யையும். அவர் ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பாக்கி இருந்தது அவருக்குத் தெரியாது.

அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனா, லிசி?"

"தெரியல அண்ணே."

"நிறுத்தியிருக்க மாட்டேன். அக்கா உக்காந்திருந்தாங்களே. ஒரு வாரம்தானே, பார்த்துக்கலாம்னு நானும் சொல்லியிருப்பேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீயாவது பயந்து பொய் சொன்னே. நான் தெரிஞ்சே தலையாட்டியிருப்பேன்."

அவர் பதிவகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆங்கிலத்தில் நான்தான் தட்டச்சு செய்தேன். எண்களைத் திரும்பக் கேட்டிருந்தார், நடந்ததையும் எழுதியிருந்தார். ப்ரோன்வினே பதில் எழுதினாள். வழக்கமான பதிலாக இருக்கவில்லை. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு முடிந்த மாற்றலைப் பதிவகம் தானாகத் திருப்ப முடியாது, மாற்றிக் கொடுத்தவர்கள் பன்னிரண்டு மாதத்துக்குப் புதிதாகப் பழைய வகை எண் கேட்கவும் முடியாது, புதுவகை எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம் என்று விளக்கியிருந்தாள். கடைசியில் தனி வரியாக, "அன்று உங்கள் பதிலை நம்பினேன். அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். பெனி அண்ணன் அந்த வரிக்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன்.

காவெயிங்கா லோகனிலிருந்து கூப்பிட்டான். பேச முடியாமல் அழுதான்.

"நீங்க சொன்னீங்க அண்ணே. நான் கேக்கல. வாங்கினவன்கிட்டப் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். அவன் அதை நாலு பேருக்கு வாடகைக்கு விட்டுட்டான். யார் யார்னு சொல்லக்கூட மாட்டேங்கறான். நான் அந்த வேலையை விட்டுட்டேன்."

"விட்டு என்ன பண்றே?"

"குளிர்பதனக் கிடங்குல பெட்டி தூக்கறேன்."

பசங்களைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அதற்குள் ஊரில் மற்ற தொல்லைகள் தொடங்கியிருந்தன. ஐம்பது அறுபது வீடுகள் ஒரே எண்ணில் தொங்கின. ஒரு வீட்டுப் பையனின் கணினியில் ஏதோ கிருமி புகுந்து குப்பைக் கடிதம் அனுப்ப, அந்த எண்ணையே பல இடங்களில் தடை செய்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் வராமல் கிழவிகள் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். தேர்வு எழுதிய மாணவர்களை, ஒரே இடத்திலிருந்து இத்தனை பேரா, மோசடி என்று தேர்வுத் தளம் வெளியே தள்ளியது. வாடிக்கையாளர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போட்டியாக இருந்த பெரிய நிறுவனத்துக்குப் போனார்கள். எட்டே மாதத்தில் பெனி அண்ணன் கடையை மூடினார். கலொலைனே அக்கா அன்று வந்து வாசலில் நின்றாள். "என் பையன் கேட்டதாலயா?" என்று கேட்டாள். தம்பி தலை நிமிராமல், "இல்லக்கா, காலம்" என்றார். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவள் தன் தம்பி வீட்டு விருந்து எதற்கும் போனதில்லை.

மூடுவதற்கு முன் மிச்சமிருந்த இணைப்புகளையெல்லாம் நான் கழற்ற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். வாசிதி வேலைக்குத் திரும்பியிருந்தாள். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் வகுப்பில் தனியாக நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் ஏணியை வைத்து ஏறினேன், கம்பியை அவிழ்த்தேன், இறங்கினேன். பிறகு நின்று, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"எலெனோவா என்கிட்ட மூணு தடவை மன்னிப்புக் கேட்டா. டாக்டர் கேட்டார். போதகர் வந்து கடவுள் சித்தம்னார். என்ன நடந்துதுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல." அவள் குரலில் நடுக்கமில்லை. "மறுபடி சொல்லு. மணியோட சொல்லு."

சொன்னேன். புதன்கிழமை என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன். எட்டு நாற்பதுக்கு என்ன சொன்னேன். ஒன்பது ஐம்பதுக்கு என்ன சொன்னேன். நடுவில் உஹிலா திறந்துவிட்டதை மட்டும் விட்டுவிட்டேன். அவன் வேலை அவனிடம் இருக்கட்டும் என்று.

"ஒரு மணி பத்து நிமிஷம்" என்றாள்.

"ஆமா."

"அந்த நேரம் பூரா என் வயித்துல அவ துடிச்சுக்கிட்டிருந்தா, லிசி. எனக்குத் தெரிஞ்சுது. நான் எலெனோவாகிட்ட, லைன் வந்துரும், லிசி பார்த்துக்கிட்டிருக்கான்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மோவாலாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ போகாதே. அவன் உன்னை அடிச்சுட்டா அப்புறம் அதுக்கும் நான்தான் அழணும்." அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் மணியை அடித்தாள். பிள்ளைகள் வியர்வையோடு ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். "வகுப்பு இருக்கு. ஏணியை எடுத்துக்கிட்டுப் போ."

நான் இப்போது துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறேன். மோவாலாவின் படகு தினமும் அங்கேதான் வந்து கட்டுகிறது. கயிற்றை வீச வேண்டிய நேரத்தில் வீசுகிறான். நான் பிடித்துக் கட்டுகிறேன். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.